காலியாக இருக்க வேண்டிய தொட்டி: பெங்களூரு மனைகளுக்கு நிலத்தடி மழைநீர் அமைப்பு எதற்கு?

2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலை வில்லா லேஅவுட்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் ஓடின. 2024 அக்டோபரில் எலஹங்காவின் கேந்திரிய விஹார் குடியிருப்புக்குள் படகு விட வேண்டியிருந்தது. 2025 மே மாதம் மான்யதா டெக் பார்க் வளாகத்தில் தண்ணீர் நின்றது. இதே ஆண்டுகளில்தான் புது அப்பார்ட்மென்ட் விளம்பரங்களில் 'நிலத்தடி மழைநீர் மேலாண்மை' என்ற வரியும் தவறாமல் இடம்பெறத் தொடங்கியது. "எங்க வளாகத்துல மழைநீர் சேகரிப்பு இருக்கே, அப்புறம் எப்படி பேஸ்மென்ட்டுல தண்ணி?" என்று ஓசூர் ரோட்டிலும் ஒயிட்ஃபீல்டிலும் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சேகரிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று வேலைகளை அடைத்து வைத்திருக்கிறோம். குழப்பம் அங்கிருந்து தொடங்குகிறது.

## ஒரு குழி, மூன்று வேலை

கூரையிலும் தரையிலும் விழும் மழையைக் குழாய் வழியாகப் பூமிக்கடியில் இருக்கும் அமைப்புக்குக் கொண்டுபோவது வரை எல்லாம் ஒன்றுதான். அதன் பிறகு அந்த நீரை என்ன செய்கிறோம் என்பதில்தான் பிரிவு வருகிறது.

1. சேமிப்பு. நீரை வைத்திருந்து பிறகு எடுத்துப் புழங்குவது. வீட்டுச் சம்ப் இந்த வகை. இது நிறைந்திருந்தால் நமக்கு நிம்மதி.

2. தாமதம். கொட்டும் மழையை வாங்கி நிறுத்தி, சின்னத் துளை வழியாக மெல்ல மெல்லத் தெருக் கால்வாய்க்கு விடுவது. தளத்தில் இதை 'டிடென்ஷன் டேங்க்' என்பார்கள். இங்கே தாமதத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். மழை தொடங்கும் நேரத்தில் இது காலியாக இருக்க வேண்டும்.

3. ஊறல். நீரை மண்ணுக்குள் இறக்குவது. ரீசார்ஜ் குழி, உறைக்கிணறு, துளைக் குழாய் பதித்த சரளைப் படுக்கை எல்லாம் இதில் சேரும். வேகத்தை மண்தான் முடிவு செய்யும்.

செப்டம்பரில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு வானம் கறுக்கிறது என்று வையுங்கள். முந்தின வாரத்து மழையில் சேமிப்புத் தொட்டி கழுத்து வரை நிறைந்திருக்கிறது. அன்றைய வெள்ளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக்கூட அது வாங்காது; வருவதெல்லாம் வழிந்து ஓடும். விதிப்படி எல்லாம் கட்டிய வளாகமும் மூழ்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

## மேட்டில் இருக்கும் ஊருக்கு வெள்ளம் ஏன்?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பெரிய ஆறு எதுவும் ஊரைச் சூழவில்லை. ஆண்டு மழை சராசரியாக 970 மி.மீ. அளவில்தான். விழும் நீர் கோரமங்களா–செல்லகட்டா, ஹெப்பாள், விருஷபாவதி என மூன்று பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கிப் போகிறது.

பழைய ஏற்பாட்டில் ஏரிகள் படிக்கட்டு போல ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேல் ஏரி நிறைந்ததும் கலிங்கு வழியாக வழிந்து, ராஜகாலுவே என்று இங்கே சொல்லப்படும் வாய்க்காலில் ஓடி, கீழ் ஏரியில் விழும். ஒவ்வோர் ஏரியும் ஊருக்கு ஒரு தாமதத் தொட்டி. அந்தச் சங்கிலி அறுந்த அளவை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2021ஆம் ஆண்டு அறிக்கை எண்களில் சொல்கிறது: 1900களின் தொடக்கத்தில் கோரமங்களா பள்ளத்தாக்கில் சுமார் 113 கி.மீ. இருந்த வாய்க்கால்கள் 2016–17இல் 63 கி.மீ. ஆகின, விருஷபாவதியில் 226 கி.மீ. இருந்தவை 112 கி.மீ. ஆகின.

வாய்க்கால் பாதியானது ஒரு பக்கம். மறுபக்கம், ஒவ்வொரு மனையும் தரையைக் கான்கிரீட்டால் மூடிவிட்டது. முன்பு செம்மண் குடித்துக்கொண்ட நீர் இப்போது நிமிடங்களில் கால்வாய் வாய்க்கு வந்து நிற்கிறது. மழையின் அளவு மாறாவிட்டாலும் அது வந்து சேரும் வேகம் மாறிவிட்டது. நிலத்தடித் தொட்டி சரிசெய்ய முயல்வது இந்த வேகத்தை.

## ஒரு ஏக்கர் மனைக்குக் கணக்கு

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் கூரை 1,800 ச.மீ., தளம் போட்ட ஓடுபாதையும் (வளாகத்துக்குள் வண்டி போகும் வழி) வாகன நிறுத்தமும் 1,400 ச.மீ., மீதி தோட்டம் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டுகிறது. இது கனமழைதான், ஆனால் இந்த ஊர் காணாத மழை அல்ல. 2022 செப்டம்பர் 5 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் பதிவானது 131.6 மி.மீ.

விழும் நீரில் எவ்வளவு பங்கு ஓடி வெளியேறுகிறது என்பதை ஓட்டக் கெழு என்பார்கள். வெறும் மண் மனைக்கு 0.3, கட்டிய பிறகு 0.8 என்று எடுத்துக்கொண்டால்:

1. கட்டுவதற்கு முன் உச்ச ஓட்டம் நொடிக்குச் சுமார் 20 லிட்டர். ஒரு மணி நேரத்தில் ஓடுவது 73 கன மீட்டர்.

2. கட்டிய பின் உச்ச ஓட்டம் நொடிக்கு 54 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 194 கன மீட்டர்; அதாவது 1,94,000 லிட்டர்.

3. வெளிக்கால்வாய்க்குப் பழையபடி நொடிக்கு 20 லிட்டருக்கு மேல் விடுவதில்லை என்று முடிவு செய்தால், தொட்டி நிறைந்துகொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் வெளியேறுவது சுமார் 48 கன மீட்டர். தொடக்கத்தில் நீர்மட்டம் குறைவாக இருப்பதால் துளை முழு வேகத்தில் ஓடாது. அதனால்தான் 72 வருவதில்லை.

4. மீதி ஏறக்குறைய 150 கன மீட்டரை எங்காவது நிறுத்தியாக வேண்டும். 1.5 மீட்டர் நீர் ஆழத்துக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் தொட்டி. எட்டு கார் நிறுத்தும் இடம் என்றால் கண்ணுக்குத் தெரியும்.

இந்த எட்டுக் கார் இடத்தைத் தரைமேல் குளமாக விட எந்தக் கட்டுநரும் சம்மதிக்க மாட்டார். அதனால்தான் அது ஓடுபாதைக்கு அடியில் போகிறது.

## மதகும் கலிங்கும்

தாமதத் தொட்டியின் உயிர் அதன் வெளியேறும் துளையில் இருக்கிறது. மேற்சொன்ன கணக்குக்கு, 1.5 மீட்டர் நீர் அழுத்தத்தில் நொடிக்கு 20 லிட்டர் விட வேண்டுமானால் துளையின் விட்டம் 90 மி.மீ. பெரிய எவர்சில்வர் டம்ளரின் வாயகலம், அவ்வளவுதான். ஒன்றரை லட்சம் லிட்டர் அந்த வாய் வழியாகத்தான் போக வேண்டும். முழுத் தொட்டி காலியாக நான்கு மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மணி நேரத்திலேயே முக்கால் பங்கு இறங்கிவிடும். கடைசிக் கால் பங்குதான் மெதுவாகப் போகும். மாலையில் ஒரு மழை, இரவு ஒன்பதுக்கு இன்னொரு மழை என்பது இங்கே வழக்கம் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

அதே இடத்தில் 150 மி.மீ. குழாயை நேரடியாக வைத்துவிட்டால்? அதே அழுத்தத்தில் நொடிக்கு 57 லிட்டர் போகும். உள்ளே வருவதே 54 லிட்டர்தான். தொட்டியில் நீர் தேங்கவே தேங்காது என்று சொல்ல முடியாது, ஆனால் வெளிக்கால்வாய்க்கு எந்த உதவியும் இல்லை. பல லட்சம் ரூபாய்த் தொட்டி, வளைந்து போகும் குழாயாக மாறிவிடும்.

இது கற்பனை இல்லை. தளங்களில் அடிக்கடி நடப்பது. தண்ணீர் மெதுவாகப் போகிறதே என்று பராமரிப்புக்கு வந்த பிளம்பர், கான்கிரீட்டில் வட்டமாகத் துளைக்கும் கோர் கட்டர் வைத்துத் துளையைப் பெரிதாக்கிவிடுவார். மெதுவாகப் போவதுதான் அதன் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். துளையைச் சுவரில் நேரடியாகப் போடாமல், கழற்றி மாட்டக்கூடிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் வெட்டி, 'அளவு 90 மி.மீ., பெரிதாக்கக் கூடாது' என்று தகட்டிலேயே பொறித்துவிடுவது நல்லது.

துளை மதகு என்றால், மேலே ஒரு கலிங்கும் வேண்டும். கணக்கை மீறிய மழை வந்தால் நீர் வழிந்து எங்கே போகும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அந்த வழியைத் தரை மட்டத்தில் திறந்து வைக்க வேண்டும். கலிங்கு இல்லாத ஏரி கரை உடையும். கலிங்கு இல்லாத தொட்டியில் நீர் பேஸ்மென்ட் படிக்கட்டைத் தேடிப் போகும்.

நீரோட்டப் பாதையில் வரும் பாகங்கள் வரிசையாக இவை: கூரை வடிகுழாய், சாக்கடை நீரோடு கலக்காத தனி மழைநீர்க் குழாய், மண்ணும் குப்பையும் படிந்து நிற்கும் வண்டல் பொறி, வாகன நிறுத்தத்திலிருந்து வரும் நீருக்கு எண்ணெய் பிரிப்பான், தொட்டி, துளைத் தகடு உள்ள கட்டுப்பாட்டு அறை, பின்னோட்டத் தடுப்புக் கதவு, பிறகு வெளிக்கால்வாய். குழாயின் சரிவையும் கவனியுங்கள். 300 மி.மீ. கான்கிரீட் குழாயை 200க்கு 1 சரிவில் பதித்தால் நொடிக்கு 68 லிட்டர் வரை கொண்டுபோகும். தட்டையாக 800க்கு 1 என்று பதித்துவிட்டால் பாதி, 34 லிட்டர்தான். தொட்டி காலியாக இருக்க, மேலே தோட்டம் மூழ்கிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இது.

## தொட்டியை எதில் கட்டுவது

ஆர்.சி.சி. தொட்டி பழகிய பொருள். எந்த மேஸ்திரிக்கும் தெரியும், உள்ளே இறங்கிச் சுத்தம் செய்யலாம், மேலே கனரக வண்டி போகலாம். கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, நீராற்றி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவரும் முன்வார்ப்புக் கான்கிரீட் பெட்டிகள் சில நாளில் இறங்கிவிடும். ஆனால் கிரேன் உள்ளே வர வழி வேண்டும்.

பிளாஸ்டிக் கட்டப் பெட்டிகள் இப்போது அதிகம் விற்கப்படுகின்றன. அடுக்கினால் கொள்ளளவில் 95 சதவீதம் வெற்றிடம். ஆட்களே கையால் தூக்கி அடுக்கலாம். நீர் ஊற வேண்டுமானால் சுற்றிலும் மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி, நிற்க வேண்டுமானால் நீர்புகாத் தாள். பழைய பாணிச் சரளைக் குழி மலிவு. ஆனால் கல்லுக்கிடையே உள்ள வெற்றிடம் 35 முதல் 40 சதவீதம்தான். 150 கன மீட்டர் நீர் நிறுத்த ஏறக்குறைய 400 கன மீட்டர் குழி வெட்ட வேண்டும். பெங்களூரில் இரண்டு மீட்டர் ஆழத்திலேயே பாறை தட்டும் மனைகள் உண்டு. அங்கே வெட்டும் செலவு கல்லின் மலிவை விழுங்கிவிடும். மண் ஆய்வு அறிக்கை வருவதற்கு முன் தொட்டியின் வகையை முடிவு செய்வது வீண் வேலை.

## கட்டுநருக்கும் மனைக்கும் என்ன லாபம்

1. நிலம் மிஞ்சும். ராஜகாலுவே ஓரமாக விட வேண்டிய இடைவெளியே ஏற்கெனவே மனையைச் சுருக்கிவிடுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த கூடுதல் இடைவெளியை உச்ச நீதிமன்றம் 2019இல் ரத்து செய்த பின், 2015 முதன்மைத் திட்டத்தின் அளவுகள் திரும்பின: முதல்நிலை வாய்க்காலுக்கு நடுவிலிருந்து 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15. அனுமதி கேட்கும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதைத் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எப்படியானாலும் மிஞ்சிய நிலத்தில் குளம் வெட்ட இடமிருக்காது. ஓடுபாதையும் விளையாட்டிடமும் மேலே, தொட்டி கீழே என்பதுதான் ஒரே வழி.

2. அனுமதி சுலபமாகும். பெங்களூரு குடிநீர் வாரியத்தின் மழைநீர் விதி, 20,000 ச.மீ.க்கு மேல் கட்டினால் தேவைப்படும் சுற்றுச்சூழல் அனுமதி, இரண்டுக்கும் மழைநீர்க் கணக்கு காட்ட வேண்டும். கடைசி நேரத்தில் வரைபடத்தில் நாலு வட்டம் போட்டு ரீசார்ஜ் குழி என்று எழுதுவதைவிட, முதலிலேயே மட்டங்களோடு வடிவமைத்தால் பின்னால் தளத்தை உடைக்க வேண்டியிருக்காது.

3. டேங்கர் செலவு குறையும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது இதன் அருமை தெரிந்தது. 1,800 ச.மீ. கூரையில் 10 மி.மீ. மழை பெய்தாலே 18,000 லிட்டர். முதல் 2 மி.மீ. அழுக்கு நீரைத் தள்ளிவிட்டாலும் 14,000 லிட்டர் மிஞ்சும்.

4. சாலையும் அடித்தளமும் நிலைக்கும். நீர் தேங்கிய மண்ணில் பேவர் கல் அமுங்கும், சுற்றுச்சுவர் சாயும், பேஸ்மென்ட் சுவரில் ஈரம் ஏறும்.

5. கீழே இருப்பவர்களோடு வழக்கு வராது. மேட்டில் கட்டிய லேஅவுட்டின் நீர் பள்ளத்து வீடுகளுக்குள் போவதுதான் இப்படிப்பட்ட தகராறுகளுக்கு மூலம்.

மூன்றாவது லாபத்தையும் வெள்ளத் தடுப்பையும் ஒரே தொட்டியில் பெற நினைக்கும் ஆசை இங்கே குறுக்கே வரும். குடிநீர் வாரிய விதி கூரைக்குச் சதுர மீட்டருக்கு 60 லிட்டர், தளம் போட்ட இடத்துக்கு 30 லிட்டர் சேமிப்போ ஊறலோ கேட்கிறது. (2009இல் இது 20, 10 என்று தொடங்கியது, பிறகு உயர்த்தப்பட்டது.) நம் ஒரு ஏக்கர் மனைக்குக் கூட்டினால் 1,08,000 லிட்டரும் 42,000 லிட்டரும் சேர்ந்து 1,50,000 லிட்டர். தாமதத் தொட்டிக்கு வந்த அதே எண். பார்த்தவுடன் 'ஒரே தொட்டி, இரண்டு வேலையும் முடிந்தது' என்று தோன்றும். சேமிப்புக்காக நிறைத்து வைத்த தொட்டி வெள்ளத்துக்கு உதவாது. வெள்ளத்துக்காகக் காலி செய்த தொட்டி டேங்கரை நிறுத்தாது.

இரண்டையும் ஒரே குழியில் செய்ய ஒரு வழி இருக்கிறது. தொட்டியை ஆழமாக்கி, துளையை அடியில் வைக்காமல் நடு உயரத்தில் வைப்பது. துளைக்குக் கீழே நிற்பது புழக்கத்துக்கு. துளைக்கு மேலே நிற்பது நான்கு மணி நேரத்தில் போய்விடும். கொள்ளளவு இரண்டையும் கூட்டித்தான் வரும், அதில் சலுகை கிடையாது.

## கெடுவது எங்கே

வெளிக்கால்வாய் மட்டம். தெருக் கால்வாய் ஒரு மீட்டர் ஆழம், தொட்டியின் அடி இரண்டரை மீட்டர் ஆழம் என்றால் நீர் தானாகப் போகாது, பம்ப் வேண்டும். நொடிக்கு 20 லிட்டர் என்பது மணிக்கு 72 கன மீட்டர். ஒரு பம்ப் ஓட, ஒன்று கையிருப்பில், இரண்டும் ஜெனரேட்டரில். மழை நேரத்தில் முதலில் போவது கரண்ட் என்பது பெங்களூர்வாசிகளுக்குத் தெரியாததல்ல. தாருக்கு மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போவதும் இந்த மட்டக் கணக்கைக் கெடுக்கும். பத்தாண்டுக்கு முந்தைய மட்டத்தை நம்பி வரையக் கூடாது.

ராஜகாலுவே நிறைந்தால். வெளியே நீர்மட்டம் ஏறினால் தொட்டியின் நீர் போகாதது மட்டுமல்ல, வெளி நீர் உள்ளே வரும். அதற்குத்தான் பின்னோட்டத் தடுப்புக் கதவு. ஆனால் கதவு மூடிய நேரம் முழுக்க வெளியேற்றம் பூஜ்யம். மேலே போட்ட கணக்கில் 48 கன மீட்டர் வெளியேறும் என்றோம். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் மனைக்கு அந்த 48ஐக் கழிக்கக் கூடாது. மொத்தம் 194ஐயும் நிறுத்த இடம் வைக்க வேண்டும். பெள்ளந்தூர், எமலூர் பக்கத்துத் தாழ்ந்த மனைகளில் இந்த ஒரு திருத்தம்தான் நல்ல வடிவமைப்பையும் காகித வடிவமைப்பையும் பிரிக்கிறது.

கட்டுமானச் சேறு. தொட்டியை முதல் வருடமே புதைத்து, குழாயையும் இணைத்துவிட்டு, பிறகு மூன்று வருடம் மேலே கட்டிடம் கட்டுவார்கள். சிமென்ட் பாலும் செம்மண் சேறும் அதற்குள் போகும். ஊறல் தொட்டியின் துணியில் நுண்மண் ஒருமுறை அடைத்துவிட்டால் கழுவி மீட்க முடியாது. வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். தோட்ட வேலை முடியும் வரை நுழைவாயை அடைத்து வைத்து, தற்காலிக வண்டல் குழி வழியாக நீரை வெளியேற்ற வேண்டும்.

மண் குடிக்கும் வேகம். 100 ச.மீ. அடிப்பரப்பு உள்ள ஊறல் தொட்டியில், மண் மணிக்கு 25 மி.மீ. குடிக்கும் என்றால், மணிக்கு 2.5 கன மீட்டர்தான் இறங்கும். 150 கன மீட்டர் இறங்க 60 மணி நேரம். ஏரிப் படுகையை மேடாக்கிய மனையில் இன்னும் மோசம். நிலத்தடி நீரே மேலே நிற்கும். ஊறலை நம்பி வெள்ளத்தைத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் குழி வெட்டி நீர் ஊற்றிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

மிதப்பு. நீர்புகாத் தாள் சுற்றிய பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் அதன் தலைமட்டம் வரை ஏறினால், 150 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். பெட்டிகளின் சொந்த எடை பத்து டன்கூட வராது. மேலே 60 செ.மீ. மண் போட்டால் சுமார் 108 டன், போதாது. ஒரு மீட்டராவது மண் மூட்டம் வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கான்கிரீட் தளத்தோடு கட்ட வேண்டும். நடைபாதை ஒரே இரவில் மேடாவதைப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

தீயணைப்பு வண்டி. தேசியக் கட்டிட நெறிகளின்படி உயரமான கட்டிடங்களைச் சுற்றியுள்ள ஓடுபாதை 45 டன் வண்டியைத் தாங்க வேண்டும். தோட்டத்துக்கு அடியில் வைக்க வாங்கிய பெட்டியை இடப் பற்றாக்குறையால் ஓடுபாதைக்கு மாற்றும்போது இந்தக் கணக்கை யாரும் மறுபடி போடுவதில்லை.

பேஸ்மென்ட் சரிவுப்பாதை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாசல் தவறாக இருந்தால் பயனில்லை. 60 ச.மீ. சரிவுப்பாதையில் மணிக்கு 100 மி.மீ. பெய்தாலும் உள்ளே வருவது நொடிக்கு 1.7 லிட்டர், சின்ன பம்ப் போதும். ஆனால் தெரு நீர் வாசல் மேட்டைத் தாண்டி, 6 மீட்டர் அகலத்தில் வெறும் 10 செ.மீ. உயரத்துக்கு வழிந்தால் நொடிக்குச் சுமார் 320 லிட்டர் உள்ளே கொட்டும். 2,000 ச.மீ. பேஸ்மென்ட்டில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு மீட்டர் ஆழம். எந்த பம்பும் இதைத் தாங்காது. சரிவுப்பாதை இறங்கும் முன் சாலையைவிட 30 செ.மீ. உயரமாக ஒரு மேடு ஏற்றுவதற்கு ஆகும் கான்கிரீட் ஒரு லாரிக்கூட வராது.

நீர் புகுந்த பேஸ்மென்ட்டில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் மோட்டாரை இறக்கக் கூடாது. 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட்டில் அப்பார்ட்மென்ட் அடித்தளத்து நீரை இறைக்க முயன்றபோது மின்சாரம் தாக்கி இருவர் இறந்தார்கள். ஒருவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். மின்பலகை, ஜெனரேட்டர், பம்ப் சுவிட்ச் மூன்றும் தரைமட்டத்துக்கு மேலே இருப்பது வடிவமைப்பிலேயே முடிவாக வேண்டிய விஷயம்.

சுத்தம் செய்தல். வண்டல் பொறியை மே மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை காலி செய்ய வேண்டும். தூங்குமூஞ்சி மர இலையும் பால் கவரும் அந்த 90 மி.மீ. துளையை அரை மணியில் அடைத்துவிடும். துளைக்கு முன் கம்பி வலை கட்டாயம். மூடிய தொட்டிக்குள் விஷவாயு நிற்கலாம், அதிலும் எங்கோ சாக்கடை கசிந்து கலந்திருந்தால் நிச்சயம். காற்றோட்டமும் வாயுச் சோதனையும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். மேலிருந்தே நீர்ப்பீச்சியும் உறிஞ்சு வண்டியும் வைத்து முடிக்கும்படி ஆய்வுக் குழிகளை அமைக்க வேண்டும்.

## 30க்கு 40 சைட் வைத்திருப்பவருக்கு

1,200 சதுர அடி மனையில் தாமதத் தொட்டிக்கெல்லாம் இடமில்லை. விதியைச் சரியாகச் செய்தாலே போதும். கூரை 75 ச.மீ. என்றால் 4,500 லிட்டர், முன்புறத் தளம் 25 ச.மீ. என்றால் 750 லிட்டர், மொத்தம் 5,250. மூன்றடி விட்டம், இருபதடி ஆழம் உள்ள உறைக்கிணறு சுமார் 4,000 லிட்டர் பிடிக்கும். மீதிக்குச் சம்ப்பில் 1,500 லிட்டர் தனி அறை. மண்ணு வட்டர் எனப்படும் பரம்பரைக் கிணறு வெட்டுவோர் இன்றும் இந்த ஊரில் இந்த வேலையைச் செய்கிறார்கள். எந்தத் தெருவில் எத்தனை அடியில் பாறை என்பதில் அவர்கள் சொல் பெரும்பாலும் சரியாக இருக்கும். உறைக்கிணற்றின் அடியில் கான்கிரீட் போடக் கூடாது, பக்கத்து வீட்டு அடித்தளத்தை ஒட்டியும் வெட்டக் கூடாது. கார் கழுவிய நீரை அதற்குள் விடாதீர்கள். பாகங்களைக் கண்ணால் பார்க்க ஜெயநகரில் குடிநீர் வாரியத்தின் மழைநீர்ப் பூங்கா இருக்கிறது.

## வாங்கும் முன் கேட்க

1. தொட்டியில் சேமிப்பு எவ்வளவு, தாமதம் எவ்வளவு? ஒரே எண்ணைச் சொன்னால் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

2. துளையின் விட்டம் என்ன, எந்த மட்டத்தில்? வரைபடத்தில் இருக்கிறதா?

3. வெளிக்கால்வாயின் அடிமட்டம் அளந்தது எப்போது? தொட்டியின் அடி அதற்கு மேலா, கீழா?

4. வெளிக்கால்வாய் நிறைந்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

5. பம்ப் பலகை எந்தத் தளத்தில் இருக்கிறது?

6. அசோசியேஷனிடம் ஒப்படைக்கும் காகிதங்களில் தொட்டியின் வரைபடமும் சுத்தம் செய்யும் அட்டவணையும் உண்டா?

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நல்ல மழை ஓய்ந்த மறுநாள் காலை, மேற்பார்வையாளரிடம் தொட்டியின் ஆய்வுக் குழி மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். தாமதப் பகுதியில் முழங்கால் அளவு நீர் நின்றால், துளை அடைத்திருக்கிறது, அல்லது தெருக் கால்வாய் தொட்டியைவிட உயர்ந்துவிட்டது, அல்லது துளையே போடவில்லை.